அத்தை வீட்டுச் சுப்ரபாதம்

"கீறல் விழுந்த ரிக்கார்டு மாதிரிச் சொன்னதையே சொல்லிக் கொண்டிருக்காதே!"

இந்த அர்ச்சனையை ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக் கொள்ளாத இல்லத்தரசி யாராவது இருந்தால் அவருக்கு என் நமஸ்காரம். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை இது நடக்கும். அது கிடக்கட்டும். கீறல் விழுந்த ரிக்கார்டை நிஜமாகவே காதால் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? நான் கேட்டிருக்கிறேன். அவலூர்பேட்டையில், என் அத்தை வீட்டுக் கூடத்தில்.

செஞ்சியில் பஸ் மாறும்போது ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பாறை பாறையாக நின்று கொண்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும் அல்லவா? அங்கிருந்து மேல்மலையனூர்ப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது அவலூர்பேட்டை. குன்றின் மேல் சித்தகிரி முருகன், கீழே சந்தை, சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை. பட்டணத்தில் அதை வேர்க்கடலை என்பார்கள். அத்தை காதில் விழுந்தால் சிரிப்பாள். அவளுக்கு அது மல்லாட்டைதான்.

மாமா பள்ளிக்கூட வாத்தியார். 1971-இல் கையில் சேர்ந்த பணத்தில் ஒரு பிளேயரும், எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டும் வாங்கி வந்தார். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு அத்தை வாசல் தெளித்துக் கோலம் போட்டு உள்ளே வருவதும், பிளேயரில் முள்ளை வைப்பதும் ஒரே சமயத்தில் நடக்கும். தெருவே அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும். மாமா காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அத்தைக்கு எண்பத்து மூன்று வயது.

போன பங்குனி உத்திரத்துக்குப் போயிருந்தேன். அத்தை முகம் வாடியிருந்தது.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லே கண்ணு. எனக்குக் காது போயிடுச்சாம். உங்க அத்தான் சொல்றான்."

விஷயம் இதுதான். பழைய தட்டு ஒரே கரகரப்பு. ஓர் இடத்தில் மாட்டிக் கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அதனால் அத்தான் கைபேசியில் சுப்ரபாதத்தை ஏற்றிக் கொடுத்து விட்டார். ஒரு நாள் கேட்டாள். மறுநாள் அணைத்து வைத்து விட்டாள். "இதிலே சுருதியே காணோமே? ரெண்டு பேர் பாடுவாங்களே, ஒருத்தர் குரல் எங்கே போச்சு?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் இரண்டாவது குரல் எதுவும் கேட்கவில்லை. பழைய தட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் கேட்கவில்லை. முடிந்தது தீர்ப்பு. "அம்மாவுக்குக் காது மந்தமாகி விட்டது, இல்லாத குரலெல்லாம் கேட்கிறது. திருவண்ணாமலைக்கு அழைத்துக் கொண்டு போய் டாக்டரிடம் காட்ட வேண்டும்."

வெளிப்படையாகச் சொல்லி விடுகிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். வயதானவர்கள் ஏதாவது சொன்னால் நமக்கு உடனே வைத்தியர் ஞாபகந்தானே வருகிறது!

ஊருக்குத் திரும்பி இவரிடம் சொன்னேன். இவருக்கு ஆங்கில வாத்தியப் பாட்டென்றால் பைத்தியம். கூடத்தில் ஓர் அலமாரி நிறைய இசைத்தட்டுகள். ஒரே பாட்டை நாலு தட்டில் வைத்துக் கொண்டு, "இதில் முரசு சரியாக விழவில்லை, அதில் சரியாக விழுகிறது" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராய்ச்சி செய்வார். நான் தலையில் அடித்துக் கொள்வேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"உன் அத்தை சொல்வது வாஸ்தவம். எம். எஸ்ஸுடன் ராதா விசுவநாதனும் சேர்ந்து பாடியிருக்கிறார். 1963-இல் எச். எம். வி. வெளியிட்ட தட்டு அது. நல்ல அடிப்புத் தட்டாக இருந்தால் இரண்டு குரலும் தனித்தனியாகத் தெரியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதென்ன 'நல்ல அடிப்பு'? எல்லாத் தட்டும் ஒரே தட்டுத்தானே?

இல்லையாம். கேளுங்கள், இசைத்தட்டு பிறக்கிற கதையை. பாடகர் பாடியதை நாடாவில் பிடிக்கிறார்கள். அந்த நாடாவை ஓட்டி, அரக்கு மாதிரிப் பூச்சுப் பூசிய ஓர் அலுமினியத் தட்டில் கடைசல் யந்திரத்தால் வரி வரியாக வெட்டுகிறார்கள். அதன் மேல் வெள்ளி பூசி, நிக்கல் முலாம் ஏற்றி உரித்து எடுத்தால் பள்ளமெல்லாம் மேடாக ஓர் உலோகத் தகடு கிடைக்கும். அதற்குத் தொழிற்சாலையில் 'தகப்பன்' என்று பெயர். அதிலிருந்து இன்னொரு தகடு எடுத்தால் அது 'தாய்'. தாயிலிருந்து எடுப்பவைதாம் அச்சுகள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அச்சை வைத்து, நடுவில் சூடான வினைல் உருண்டையை வைத்து அழுத்தினால் இசைத்தட்டு. எச். எம். வி.க்காரர்கள் இதையெல்லாம் கல்கத்தாவை அடுத்த டம் டம் தொழிற்சாலையில் செய்தார்கள்.

நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சை நினைத்துக் கொள்ளுங்கள். புது அச்சில் பூ இதழெல்லாம் பளிச்சென்று விழும். வருஷக் கணக்கில் புழங்கிய அச்சில் மழுங்கிப் போய் விடும். இசைத்தட்டு அச்சும் அப்படித்தான். ஆயிரம் தட்டுக்கு மேல் அடித்தால் நுணுக்கமெல்லாம் மழுங்கத் தொடங்கும். ஆகவே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் முந்திப் பிறந்தது ஒரு மாதிரியும், பிந்திப் பிறந்தது வேறு மாதிரியும் பாடும். 1973-இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறிற்று அல்லவா? வினைல் என்பது எண்ணெயிலிருந்து வருகிற சரக்கு. அதற்குப் பிறகு பல தேசங்களில் தட்டுகளின் கனமும் குறைந்தது.

இவர் சொன்ன இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1969-இல் லெட் ஸெப்பலின் என்ற இங்கிலாந்துக் கோஷ்டியின் இரண்டாவது தட்டை அமெரிக்காவில் வெட்டியவர் பாப் லட்விக். வாத்தியத்தின் முழு வலுவையும் அப்படியே வரியில் இறக்கி விட்டார். தட்டு கடைக்கு வந்தது. ஒரு பெண்ணிடம் இருந்ததோ மலிவான பிளேயர். அதில் முள் துள்ளிக் குதித்ததாம். "தட்டில் குற்றம்" என்று தீர்மானித்து, வலுவைக் குறைத்து மறுபடி வெட்டி விட்டார்கள். லட்விக்கே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். முதலில் வெட்டிய தட்டில், பாட்டு வரி முடிந்து நடுச் சீட்டுக்கு முன்னால் உள்ள வழவழப்பான இடத்தில், அவர் பெயரின் முதல் எழுத்துகளான 'ஆர் எல்' கீறியிருக்கும். அந்த இரண்டு எழுத்துக்காக இன்றைக்கும் உலகமெல்லாம் அலைகிறார்கள். பாருங்கள், குற்றம் பெண்ணின் பிளேயரில். பழி விழுந்தது தட்டின் மேல்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவலூர்பேட்டையிலும் இதே கதைதானே? குற்றம் எதிலோ, பழி அத்தையின் காதின் மேல்.

"நல்ல சுப்ரபாதத் தட்டு ஒன்று தேடிப் பிடித்தே தீருவது" என்று கிளம்பினேன்.

முதல் தட்டைச் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். உறை புத்தம் புதிதாக இருந்தது. தட்டு கண்ணாடி மாதிரி மின்னிற்று. விலை ஆயிரத்து எண்ணூறு. வீட்டுக்கு வந்து போட்டால், கம்பளியைப் போர்த்திக் கொண்டு பாடுகிற மாதிரி ஓசை! இவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். தேங்காயெண்ணெய்! மின்னுவதற்காக எண்ணெய் தடவித் துடைத்திருக்கிறார்கள். தலைக்கு வைக்க வேண்டியதைத் தட்டுக்கு வைத்தால் வரியெல்லாம் பிசுபிசுத்து, தூசியை வாரி இழுத்துக் கொள்ளும். சகோதரிகளே, மின்னுகிறது என்று புடைவை வாங்கலாம். இசைத்தட்டு வாங்கக் கூடாது. தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். வரிகள் கருகருவென்று இருந்தால் நல்லது. சாம்பல் பூத்தாற் போல இருந்தால் மட்டமான முள் அதைத் தேய்த்திருக்கிறது என்று அர்த்தம். நடுத் துளையைச் சுற்றிச் சீட்டில் மயிரிழை மாதிரிக் கோடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளையைத் தேடித் தேடி வைத்த அடையாளம் அது. வாசற்படி தேய்ந்திருந்தால் வந்து போனவர்கள் அதிகம் என்று தெரிந்து கொள்கிறோமே, அதே கணக்குத்தான்.

இரண்டாவது தட்டு தொள்ளாயிரம் ரூபாய். எண்ணெய் இல்லை, கீறல் இல்லை. இவர் பரம திருப்தியோடு, "பிரமாதம்!" என்றார். எனக்குத்தான் என்னவோ செய்தது. தம்புரா ஒரு நிலையில் நிற்காமல் மேலேயும் கீழேயும் அலைந்தது. தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. சின்ன வயதில் பாட்டு வாத்தியாரிடம் சுருதி சேரவில்லை என்று குட்டு வாங்கிய தலையல்லவா?

"சுருதி ஆடுகிறது" என்றேன்.

இவர் நம்பவில்லை. குனிந்து பார்த்தார். முள் தாங்கும் கை, தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் இடமும் வலமுமாக அசைந்து கொண்டிருந்தது. நடுத் துளை நடுவில் இல்லை! ஒரு நூலளவு விலகியிருந்தது. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று; அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்த 1.8 விநாடிக்கு ஒரு தரம் சுருதி ஏறி இறங்குகிறது. முரசடிக்கிற பாட்டில் இது அவ்வளவாகத் தெரியாதாம். தம்புரா அப்படி மன்னிக்காது. இத்தனை வருஷ ஆராய்ச்சியில் இவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்து விட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வந்தான். ஏன் மறைக்க வேண்டும்?

ஆகவே இன்னொரு பாடம். நம் சங்கீதத் தட்டு வாங்குகிறவர்கள் பாட்டைக் கேட்பதற்கு முன் தம்புராவைக் கேளுங்கள். ஒரு பக்கத்தின் ஆரம்பத்தைக் கேட்டு ஏமாறாமல் கடைசியையும் கேளுங்கள். வெளி வரியில் முள் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் தூரம் போகிறது. உள் வரியில் இருபது சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். அதே பாட்டைக் குறுகின இடத்தில் அடைத்திருப்பதால் தேய்மானமெல்லாம் அங்கேதான் முதலில் தெரியும்.

இரண்டு மாதம் ஓடிற்று. மூன்றாவது தட்டு என்னைத் தேடி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் கோடியில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். பழைய பேப்பர்காரரின் வண்டியில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு இசைத்தட்டுகள்! உறை கிழிந்து, அதன் மேல் ஏதோ குழந்தை பென்சிலால் யானை வரைந்திருந்தது. உள்ளே தட்டு முழுக்கத் தூசி. நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். நடுச் சீட்டில் ஒரு கோடு இல்லை. விளக்கில் சாய்த்தால் கருகருவென்றிருந்தது. யாரோ வாங்கி, நாலைந்து தரம் கேட்டு, அப்புறம் மறந்தே போயிருக்கிறார்கள்.

குளிப்பாட்டினேன். உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். பச்சைத் தண்ணீரில் இரண்டே சொட்டு மென்மையான சோப்புத் திரவம். நடுச் சீட்டில் தண்ணீர் படக்கூடாது. மெல்லிய துணியால் வரியோடு வரியாக, வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரால் அலம்பி, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். வெந்நீரும் வெயிலும் ஆகாது. தட்டு அப்பளம் மாதிரி நெளிந்து போகும். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு வரும் பழைய அரக்குத் தட்டு உங்கள் வீட்டில் இருந்தால் ஸ்பிரிட்டுப் போட்டுத் துடைத்து விடாதீர்கள்! ஸ்பிரிட்டில் அரக்குக் கரைந்து விடும். தாத்தா வாங்கிய தட்டு நம் துணியோடு வந்து விடும்.

இரவு பத்து மணிக்குத் தட்டைப் போட்டோம். தம்புரா நிலவொளி மாதிரி அசையாமல் நின்றது. குரல் எழுந்தது. நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். ஒரு குரலின் நிழலில் இன்னொரு குரல், தாயின் கையைப் பிடித்துக் கொண்டு நடக்கிற பெண்ணைப் போல, கூடவே வந்தது. அத்தை சொன்ன இரண்டாவது குரல்!

மறு சனிக்கிழமையே இவருடைய பிளேயரையும் தட்டையும் காரில் ஏற்றிக் கொண்டு அவலூர்பேட்டைக்குப் புறப்பட்டோம்.

போனதும் இவர் முதலில் அத்தையின் பழைய பிளேயரைத் திறந்து பார்த்தார். முள் மொட்டையாக இருந்தது. "மாமா எத்தனை தரம் முள் மாற்றினார்?" என்று கேட்டார். "மூணு தரம்" என்றாள் அத்தை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு இருபது நிமிஷம் என்றால் வருஷத்துக்குச் சுமார் நூற்றிருபது மணி. அந்தக் காலத்து நீலக்கல் முள்ளின் ஆயுள் நூறு மணிக்கு உட்பட்டது. ஒரு வருஷம் கூடத் தாங்காத முள்ளை வைத்து முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்! முள் தேயத் தேய உளி மாதிரி ஆகி, வரியின் நுணுக்கத்தையெல்லாம் செதுக்கி எடுத்து விட்டது. முதலில் போனது அந்த இரண்டாவது குரல். ஒரே நாளில் போயிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வருஷத்துக்கு இம்மி இம்மியாகப் போனதால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கைபேசியின் சுண்டைக்காயளவு ஒலிபெருக்கிக்கோ தம்புராவின் அடிநாதத்தைத் தாங்கச் சக்தி கிடையாது. "சுருதியே காணோமே" என்று அத்தை சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

விடியற்காலை ஐந்து மணி. அத்தை கோலம் போட்டு விட்டு உள்ளே வந்தாள். கால் அலம்பிக் கொண்டு, வழக்கமாக உட்காரும் தூணடியில் உட்கார்ந்தாள். அத்தானும் அவர் மனைவியும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றார்கள். முள்ளை வைத்தேன்.

யாரும் பேசவில்லை. நாலு சுலோகம் போயிருக்கும். அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டவர், தாயின் பக்கம் திரும்பினார். மெதுவாக, "ஆமாம்மா. ரெண்டு பேர்" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அத்தை கண்ணை மூடியபடியே, "உங்கப்பா இருந்தா அப்பவே சொல்லியிருப்பாரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு, டாக்டருக்குக் கொடுக்க வெச்சிருந்த காசிலே எனக்கு ஒரு நல்ல முள் வாங்கிக் கொடுக்கச் சொல்லு" என்றாள். கூடமே சிரித்தது.

திரும்பி வரும்போது மடி நிறைய அவித்த மல்லாட்டை கட்டிக் கொடுத்தாள். பிளேயரை அங்கேயே வைத்து விட்டு வந்தோம். இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் தவிக்கிறார். பரவாயில்லை, புது யந்திரம் வாங்கிக் கொள்ளட்டும். நீலக்கல் முள்ளை விடப் பன்மடங்கு உழைக்கும் வைர முள்ளும், இரண்டு கிராமுக்கு மேல் அழுத்தாத கையும் இருந்தால் அத்தையின் தட்டு அவள் பேத்தி காலத்துக்கும் பாடும்.

அந்தத் தட்டின் ராயல்டியை எம். எஸ். திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்து விட்டார். 1966-இல் ஐக்கிய நாட்டுச் சபையில் பாடியவர், 2004-இல் மறைந்தார். அவர் விட்டுப் போன குரல் எத்தனையோ வீட்டுப் பரணில், பழைய ஜமக்காளத்துக்கு அடியில் தூங்கிக் கொண்டிருக்கிறது. அடுத்த தரம் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். கரகரக்கிறது என்று எறிந்து விடாமல் தட்டா, முள்ளா, தூசியா என்று ஒன்றொன்றாகப் பாருங்கள்.

அதைவிட முக்கியமாக, வீட்டில் பெரியவர்கள் யாராவது "முன்னே மாதிரி இல்லையே" என்று சொன்னால் சட்டென்று அவர்கள் காதைச் சந்தேகிக்காதீர்கள். அவர்கள் அந்தத் தட்டைப் புதிதாக இருக்கும்போது கேட்டவர்கள். நாம் தேய்ந்த பிறகு கேட்கிறவர்கள்.

இதை நான் எத்தனை தரம் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பச் சொல்வேன். கீறல் விழுந்த ரிக்கார்டு என்று யாராவது சொன்னால் சொல்லிக் கொள்ளட்டும்!